பல்பைக் கழற்றிய அன்று

கரண்ட் மிச்சமாகும் என்று கோழிக்கூண்டில் தொங்கிய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, எல்.இ.டி. விளக்கை மாட்டினார்கள். தாயில்லாக் குஞ்சுகள் வழக்கம்போல அதன் கீழே போய் ஒடுங்கின.

"குளிருதே அண்ணே! பழைய அண்ணன் கதகதப்பா இருப்பாரே," என்றது சின்னக் குஞ்சு.

"எனக்கு வெளிச்சம் மட்டும்தாம்மா வரும்," என்று விளக்கு தவித்தது.

மூலையில் ஒரு கோழி முட்டையில்லாமலே அடைகிடந்தது. விளக்கு அதைக் கூப்பிட்டது.

"அக்கா, இதுங்களைச் சேர்த்துக்கிறீங்களா?"

"நான் பொரிச்ச குஞ்சுங்க இல்லையே."

"அந்தப் பல்பும் பொரிக்கலையேக்கா."

 கோழி ஒரு சிறகை மட்டும் லேசாகத் தூக்கியது. குஞ்சுகள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தன. சின்னது மட்டும் இடம் கிடைக்காமல் வெளியே நடுங்கிக்கொண்டு நின்றது.

கோழி கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தது. மறு சிறகையும் விரித்தது.