சைவத் துப்பாக்கி

"என்னய்யா இது, துப்பாக்கியா?"

பேஸ்மென்ட் படியில் பாதி இறங்கிய டாக்டர் சந்திரமௌலி அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த அவர் மனைவி பத்மா மாமி, அவர் முதுகில் மோதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. மொன்ட்ரியாலில் பழக்கமான பதினெட்டுத் தமிழ்க் குடும்பங்களும் வருஷம் ஒரு வீட்டில் கூடுவது வழக்கம். 1974-ல், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் புது வீடு வாங்கியிருந்த மணிவாசகத்துக்கு முறை வந்தது. இடம் போதுமா என்று பார்க்கத்தான் டாக்டர் தம்பதி வந்திருந்தார்கள். மணிவாசகத்தின் மனைவி சியாமளா ஒரு மாதமாகச் சுவருக்கு வர்ணம் அடித்து, ஜமுக்காளங்களைத் துவைத்து வைத்துக் காத்திருந்தாள்.

மேஜை மேல் நாலடி நீளத்துக்குத் துப்பாக்கி. மணிவாசகம் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க ஆளிவிதை எண்ணெய் வாசனை.

"பக்கத்து வீட்டு கஸ்தோனோடது, டாக்டர். ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சதும் ராணுவம் வித்துத் தள்ளினது. வேட்டைக்குத் தூக்கிட்டுப் போக இலேசா இருக்கட்டும்னு முன்பக்க மரத்தைப் பாதியில அறுத்துட்டாங்க. அதைப் பழையபடி முழுசா ஆக்கியிருக்கேன்."

"வேட்டைக்காரன் துப்பாக்கிக்கு ரிப்பேரா? முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டீரே, ஐயா!" என்றார் டாக்டர்.

"கஸ்தோன் கேக்கவே இல்லை, மாமி. இவரே வலியப் போய் வாங்கிட்டு வந்தார்," என்றாள் சியாமளா. "ஒட்டின மரம் சரியில்லைன்னு ரெண்டு தடவை பிரிச்சாச்சு."

"ஒட்டு தெரியக்கூடாது, சியாமளா. மரத்தோட ரேகை ரேகையோட சேரணும்."

பத்மா மாமி மூக்கைச் சுளித்தாள். "சரஸ்வதி உட்கார்ற இடத்துல கொலைக் கருவியா?"

"ஆயுத பூஜைதானே மாமி? ஸ்க்ரூ டிரைவருக்கும் கார் சாவிக்கும் குங்குமம் வைக்கிறோம். அசல் ஆயுதம் வந்தா ஏன் பயப்படணும்?"

மணிவாசகம் மட்டும்தான் சிரித்தார்.

"தமாஷ் வேண்டாம், மணி," என்றார் டாக்டர். "அடுத்த மாசம் மான் சீசன். நீர் பாலிஷ் போட்டுக் கொடுக்கற துப்பாக்கியால ஒரு வாயில்லா ஜீவன் விழும். அந்தப் பாவத்துல உமக்கும் பங்கு உண்டு. பூஜையை எங்காத்துலயே வெச்சுக்கறோம்."

சியாமளாவின் முகம் வாடிவிட்டது. "எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லியாச்சே, மாமி..."

"நான் திரும்பச் சொல்லிக்கறேன். நீ சுண்டல் மட்டும் பண்ணி எடுத்துண்டு வா."

வாசல் மணி அடித்தது. "போன்ஷூர்!" என்று தலையைக் குனிந்துகொண்டு கஸ்தோன் இறங்கி வந்தார். துப்பாக்கியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"சண்டையில என் கையில இருந்ததும் இப்படியேதான், மணி! அச்சு அசல்!"

அவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் மெல்ல அவரை ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் அந்தச் சின்ன அறையில் எல்லார் காதிலும் விழுந்தது.

"மிஸ்டர் கஸ்தோன், இந்த வருஷம் மான் அடிச்சா, தோலை என்ன செய்வீங்க?"

"ஏன் கேக்கறீங்க?"

"எனக்கு ஒண்ணு வேணும். உட்கார்ந்து ஜபம் பண்ண. இப்ப இருக்கறது பத்து வருஷப் பழசு, முடி கொட்டறது. கூடுமானவரைக்கும் ஓட்டை இல்லாம சுட்டீங்கன்னா..."

பத்மா மாமி உத்தரத்தைப் பார்த்தாள். சியாமளா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கஸ்தோன் கையை விரித்தார். "மானா? இவ்வளவு அழகாப் பண்ணினதைப் புதர்லயும் சேத்துலயும் இழுத்துட்டுப் போறதா? ஒரு கீறல் விழுந்தா என் நெஞ்சு தாங்காது, மெஸ்யூ! கனமும் கூடிப்போச்சு. ஹால் சுவர்ல மாட்டறதுக்கு ஆணி அடிச்சுட்டுத்தான் வந்தேன். என்கிட்ட இருக்கறதும் இது ஒண்ணுதான். இந்த நவம்பர்ல எனக்கு வீட்டுல சீட்டாட்டம்!"

மணிவாசகத்தின் கையைக் குலுக்கி நாலு தடவை மெர்ஸி சொன்னார். துப்பாக்கியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு படியேறினார்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பத்மா மாமி முந்திக்கொண்டாள்.

"பூஜை இங்கேயே நடக்கட்டும், சியாமளா. இடம் தாராளமா இருக்கு. இவர் ஜமுக்காளத்துலயே உட்கார்ந்துப்பார்."

சியாமளாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப அந்த மேஜையை மாடிக்கு ஏத்துங்க," என்றாள் கணவரிடம். "உங்க துப்பாக்கி வேலைதான் முடிஞ்சுதே!"

மணிவாசகம் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கே முடிஞ்சுது? நம்ம தெருவுல இதோட நாலு துப்பாக்கி சுவரேறியாச்சு. எதிர்வீட்டு லூசியன்தான் கொடுக்கமாட்டேங்கறார். எப்படியாவது சீசனுக்கு முன்னால வாங்கிடணும், சியாமளா. அவர்தான் குறி தப்பாத ஆளு!"