மூன்றாவது துண்டு

அவளிடம் இரண்டு துண்டுகள்தான் இருந்தன.

வெள்ளை அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தாள். ஊசியின் தடித்த மேல்பகுதி ஒன்று. நடுத்துண்டு ஒன்று.

முனையைக் காணோம்.

வெளியே லாரி இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ராக்கெட்டின் தலைப்பகுதியை ஏற்றிக்கொண்டு கடலோரத்து ஏவுதளத்துக்குக் கிளம்ப வேண்டும்.

அந்தத் தலைக்குப் போர்த்தியிருந்த போர்வை அவள் தைத்தது. தங்கம் போல் மின்னும் மெல்லிய தாள், இருபது அடுக்கு. மேலே போனதும் வெயிலும் குளிரும் கருவிகளை அண்டாமல் காப்பது அதுதான். பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் பதினோரு பேர் மாறி மாறி முயன்றும் மூன்று மீட்டர் நேராகத் தைக்க ஒருத்தருக்கும் வரவில்லை. அப்படித்தான் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

கடைசித் தையலில் ஊசி உடைந்தது. காலையில்.

மிஷினுக்கு அடியில் கிடக்கும் என்று நினைத்தாள். வேறு ஊசி மாட்டி முடித்துக் கொடுத்துவிட்டாள். சாப்பாட்டு நேரம் முழுக்கத் தரையைத் தடவித் தேடினாள்.

இல்லை.

பதினாறு வருடம் தாம்பரத்தில் ஏற்றுமதிச் சட்டை தைத்தவள். அங்கே ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி அட்டையில் ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் சூப்பர்வைசர் அத்தனை பேரையும் எழுப்பித் தேட விடுவார். எந்த நாட்டிலோ ஒரு குழந்தையின் கழுத்தில் அது குத்திவிடக் கூடாது.

இங்கே அந்த வழக்கமே இல்லை. ராக்கெட் விடுகிறவர்களுக்கு ஊசி ஒரு பொருட்டா? டப்பாவோடு தூக்கிக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

கேட்க ஆளில்லை என்பதுதான் அவளை வதைத்தது.

ஃபஹீம் வந்தான். இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து இந்தக் கம்பெனியைத் தொடங்கியவன். இருபத்தொன்பது வயதில் தலை பாதி நரைத்துவிட்டது. இந்த ஏவுதலுக்கு நாள் வாங்கவே பதினொரு மாதம் அலைந்தான்.

"ஏத்திடலாமாக்கா?"

தலையை ஆட்டினால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் மேலே போனால் அந்த முனை மிதக்கும். மிதந்து இரண்டு கம்பிக்கு நடுவே போய் உட்கார்ந்தால் இவன் நாலு வருட உழைப்பும் கடலில்தான். சொன்னாலோ லாரி நிற்கும். நாள் போகும். அவள் வேலையும் போகும்.

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

அட்டையை நீட்டினாள்.

"முனை கிடைக்கல தம்பி. போர்வைக்கு உள்ளதான் இருக்கணும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. வெளியே போய் இன்ஜினை அணைக்கச் சொன்னான்.

உறுமல் நின்றது.

இன்று கிடைத்தால் பிழைத்தார்கள். பிரித்ததைத் தைத்து, விடிந்ததும் லாரியை அனுப்பிவிடலாம். கிடைக்காவிட்டால் புதுப் போர்வை தைக்க வேண்டும். அதற்குப் பத்து நாள். பத்து நாள் அவர்களிடம் இல்லை.

போர்வையைக் கழற்றி மேஜைமேல் விரித்தார்கள். தன் தையலைத் தானே பிரித்தாள். கையுறையோடே நூலை ஒவ்வொன்றாக உருவினாள். பதினோரு பிள்ளைகளும் ஆளுக்கொரு டார்ச்சோடு தரையில் குப்புறப் படுத்தார்கள். ஒருத்தி தையல் மிஷினையே கழற்றிப் போட்டாள்.

அரை அரிசி அளவுகூட இல்லாத சனியன், எங்கே போய்த் தொலைந்ததோ.

கடைசியில் ஃபஹீம் ஒரு காந்தம் எடுத்து வந்தான். தீப்பெட்டி அளவுதான். இரும்பில் ஒட்டிக்கொண்டால் இரண்டு பேர் இழுக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்காக விரிக்கச் சொல்லி, தாளுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து, மெல்ல நகர்த்தினான்.

ஒன்று. இரண்டு. ஏழு. பதினைந்து.

அவள் சுவரோடு சுவராக நின்றாள். அவளுக்குப் பார்க்கத் தைரியமில்லை.

பத்தொன்பது.

ஃபஹீமின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இருபதாவதை விரித்தபோது அவளால் தாங்க முடியவில்லை. வந்து தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

காந்தம் மெதுவாக அவள் பக்கம் வந்தது.

இடது ஆள்காட்டி விரலுக்குள் சுரீரென்று ஏதோ இழுத்தது.

"ஆ!"

அவன் சட்டென்று காந்தத்தைப் பின்னுக்கு எடுத்தான். வலி நின்றது.

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். திரும்பக் கொண்டுவரும்படி கண்ணால் காட்டினாள்.

திரும்ப இழுத்தது.

கையுறையைக் கழற்றினாள். நகத்தை ஒட்டி ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி. சுற்றிலும் வீங்கியிருந்தது.

ஊசி உடைந்தபோது குத்தியதுதான். ரத்தத்தைத் துடைத்துவிட்டு வேறு கையுறை மாட்டிக்கொண்டாள். தையல்காரிக்கு விரலில் குத்துவதெல்லாம் ஒரு சேதியா? பகலெல்லாம் விண்விண்ணென்று தெறித்ததைப் பயம் என்றே நினைத்திருந்தாள்.

ஃபஹீம் அந்தக் கையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான்.

"ஐயோ, அக்கா..."

யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். யாரோ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். தரையில் கிடந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள்.

அவள்தான் சிரித்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு.

"போர்வையில இல்ல தம்பி," என்றாள். "எங்கிட்டதான் இருக்கு."