மரப்பெட்டிக்கு அடியில்

யார்க்‌ஷயர் ரயில் அருங்காட்சியகத்தின் தகரக் கொட்டகைமேல் மழை சடசடவென்று விழுகிறது. நூறு வயதான மர ரயில்பெட்டியின் அடியில், கைவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், மல்லாந்து படுத்திருக்கிறாள் ஈனிட். தபால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். சம்பளமில்லாமல் சனிக்கிழமைதோறும் வந்து இந்தப் பெட்டியைச் செப்பனிட்டவர்களில் அவளும் கிளிஃபர்டும்தான் இப்போது மிச்சம். பெட்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில் தளர்ந்திருந்த திருகாணியை முடுக்கப் போகிறாள். திருப்புளி வழுக்கி, தேநீரில் ஊறிய பிஸ்கட்டுக்குள் போவதுபோல் பிடிவரை மரத்துக்குள் இறங்கிவிடுகிறது. இழுத்ததும் ஈரமான பழுப்புத் தூள் கன்னத்தில் உதிர்கிறது. வேறோர் இடத்தில் குத்திப் பார்க்கிறாள், அங்கேயும் அப்படித்தான். தலைக்கு மேலே கிளிஃபர்ட் சீழ்க்கையடித்தபடி கதவுக்கு வார்னிஷ் பூசுகிறான். “கிளிஃப், கொஞ்சம் நிறுத்து. அடிச்சட்டம் மொத்தமும் இத்துப் போச்சு. இது இனிமே ஓடாது.” சீழ்க்கை நிற்கிறது. “தெரியும். போன குளிர்காலமே குத்திப் பார்த்துட்டேன்.” “அடப்பாவி! அப்புறம் எதுக்குய்யா இன்னும் வார்னிஷ் அடிக்கறே?” டப்பா விளிம்பில் தூரிகையை வழிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. “சனிக்கிழமையானா நான் வேற எங்க போவேன், ஈனிட்?” கன்னத்துத் தூளைக்கூடத் துடைக்காமல் அவள் அப்படியே படுத்திருக்கிறாள். மேலே தூரிகை மறுபடி நகர்கிறது. சீழ்க்கை மட்டும் வரவில்லை.