கிளி சேர்த்த நெல்

ஜோசியர் கூண்டைத் திறப்பார். கிளி வெளியே வந்து சீட்டெடுக்கும். கூலி, சீட்டுக்கு ஒரு நெல்மணி. வெட்டிய றெக்கை அவருக்குத் தெரியாமல் மறுபடி வளர்ந்திருந்தது; பாழாய்ப்போன வயிற்றைத்தான் தூக்கிப் பறக்க முடியவில்லை.

"நெல்லைத் தின்னாதடி, இளைச்சாத்தான் தப்பிக்கலாம்" என்றது மரத்து மைனா.

கிளி மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கிடைத்த நெல்லையெல்லாம் கூண்டு மூலையில் ஒதுக்கி வைத்தது. உடம்பும் இளைத்தது. ஒருநாள் ஜோசியர் கூண்டைத் திறந்தபடி விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார்.

"வாடி சீக்கிரம்!" மைனா கத்தியது.

"பட்டினி கிடந்து சேர்த்ததுடி. விட்டுட்டு வர நான் என்ன கேனச்சியா? ரெண்டே ரெண்டு தின்னுட்டு வரேன்."

இரண்டோடு நிற்கவில்லை. மூலை காலியான பிறகுதான் வாசலுக்கு வந்து சிறகை விரித்தது. உடம்பு எழும்பவில்லை.

திரும்பி வந்த ஜோசியர், விரிந்த சிறகைப் பார்த்தார். "அடடே, இதைக் கவனிக்கவே இல்லையே" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.