பாதியில் நின்ற தாலாட்டு

மேடையில் குத்துப்பாட்டுக்கென்றே பேர் வாங்கியவன், ஒரு மாதமாக வீட்டில் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

“கத்திக் கத்தி உன் குரல் கரடுதட்டிப் போச்சு. பழக்கமில்லாத பாட்டைப் பாடு, தானா இளகும்” என்று பாட்டு வாத்தியார் சொன்ன வைத்தியம் அது. பலித்தும் விட்டது. பெரிய இசைக்குழு ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. நாளைக்கே வெளியூர்ப் பயணம்.

மனைவிதான் அவன் பெட்டியை மூடவிடாமல் தடுத்தாள்.

“நீங்க போயிட்டா அதை யாருங்க தூங்க வைக்கிறது?”

“நீ பாடேன்.”

“நான் பாடினா கழுதைகூடக் காதைப் பொத்திக்கும். அது அடங்குமா?”

“துணைக்குத் தங்கச்சியை வரச்சொல்லியிருக்கேன்” என்றவன், பின்னறைக்குள் போய்த் தாலாட்டை ஆரம்பித்தான். வாசலில் மணி அடித்தது. பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தான்.

தங்கை உள்ளே கால் வைத்தபோது, பின்னறையில் குழந்தை வீறிட்டது.

“யார் வீட்டுக் குழந்தை அண்ணி?” ஆசையாக ஓடிப்போய் எட்டிப்பார்த்தாள்.

அறையில் ஒரு பாய்கூட இல்லை. வெறும் தரையிலிருந்து அழுகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

தங்கை பின்வாங்கி அண்ணி மேல் மோதி நின்றாள்.

“முதல் நாள் பாடறப்பவும் உங்கண்ணன் இப்படித்தான் பாதியில நிறுத்தினார். அன்னைக்கு ஆரம்பிச்ச அழுகை” என்ற அண்ணி, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “உனக்குத் தாலாட்டு தெரியுமாடி?”