பஸ் தூங்கும் ஊர்

கதவைத் திறந்துவிட்டுப் புரோக்கர் ஒதுங்கி நின்றார்.

அவள் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலை ஏழரை. பஸ் வரும் நேரம்.

வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போர் தண்ணீர், டைல்ஸ் தரை, கிழக்குப் பார்த்த வாசல். பத்தடி நடந்தால் பஸ் நிறுத்தம். ஆலங்கோட்டை விலக்கு.

உள்ளே அவள் கணவன் திருமேனி குழாயைத் திறந்து திறந்து மூடினான். போர்வெல் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் ஆந்திரா, கர்நாடகா. அடுத்த முறை லாரி எடுக்குமுன் அவளை ஒரு நல்ல இடத்தில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு வாரமாக அலைந்தான்.

அவளுக்கு வேலை ஓரிடத்தில் இல்லை. மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ரத்தம் எடுத்துச் சோதிக்க அவள் ஒருத்திதான். திங்கள், வியாழன் கீழவயல். செவ்வாய், வெள்ளி ஆலங்கோட்டை. புதன், சனி பெருங்கரை. மூன்றும் ஒரே ரோட்டில், ஒன்றையடுத்து ஒன்று. ரோட்டின் இந்த முனையில் டவுன். அந்த முனையில் நெடுங்கண்மாய். அதற்கப்பால் ரோடே கிடையாது.

இதுவரை குடியிருந்தது டவுனில்.

டவுனில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாக முதலில் துண்டு ஏறும். பிறகு பை ஏறும். சில நாள் பிள்ளையே ஏறும். அவள் ஏறும்போது நிற்க இடம் கிடைத்தால் பெரிது.

போன வருஷம் அப்படித்தான் நின்றுகொண்டே போனாள். பெருங்கரைக்கு, ஒன்றேகால் மணி நேரம்.

அப்போது நாலாம் மாதம்.

பாதி வழியில் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

கண்டக்டர் சவரிமுத்துதான் தூக்கித் தன் சீட்டில் உட்காரவைத்தார். பஸ்ஸைத் திருப்பி நேரே டவுன் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். இறங்கவேண்டியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேரும் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார்கள்.

குழந்தை தங்கவில்லை.

அந்த ஜனங்கள் பிறகு ஒவ்வொருவராக அவள்முன் வந்து விரலை நீட்டினார்கள். அவள் ஊசியால் குத்தினாள். யாரும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. ஒரு கிழவி மட்டும் முருங்கைக்கீரைக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

இப்போது மறுபடி. எழுபது நாள்.

பஸ்ஸில் நிற்கக் கூடாது, பைக்கும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவு போட்டால் ஒப்பந்த வேலை கையைவிட்டுப் போய்விடும். மூன்று மாதம் முடியட்டும் என்று வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை.

அதனால்தான் இந்த நடு ஊர். திருமேனி ஒரு காகிதத்தில் கோடு போட்டு, மூன்று புள்ளி வைத்து, நடுப்புள்ளியைச் சுழித்திருந்தான். எந்தப் பக்கம் போனாலும் அரை மணிதான். வாரத்தில் இரண்டு நாள் நடந்தே போய்விடலாம்.

பஸ் வந்தது.

படியில் ஆறு பேர் தொங்கினார்கள். ஒரு பெண் ஏறினாள். உள்ளே போக முடியாமல் கம்பியோடு நசுங்கினாள்.

சவரிமுத்து கீழே இறங்கினார். வீட்டைப் பார்த்தார். புரோக்கர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு அவளை.

அந்த வாரம் டவுனில் கூட்டமான பஸ் இரண்டை அவள் ஏறாமல் விட்டிருந்தாள். அவருக்கு அது போதுமாயிருந்தது.

"இங்க பஸ் நெறைய வரும் தாயி. உக்கார எடம் வராது. எங்க வண்டி ராத்திரி படுக்குற ஊர்ல வீடு பாருங்க."

விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

கடைசி பஸ் இரவு நெடுங்கண்மாயில் நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் அதிலேயே படுத்தெழுந்து, காலையில் முதல் நடை எடுப்பார்கள். அங்கே துண்டு போட்டு இடம் பிடிக்க ஆளில்லை.

"பஸ்ஸு தூங்குற எடத்துல போயி நாமளும் தூங்கணுமாக்கும்" என்றான் திருமேனி.

மூன்று இடமும் தூரமாகிவிடும் என்றான். அங்கே ஒரு மருந்துக்கடைகூட இல்லை என்றான். காகிதத்தை எடுத்து மறுபடி காட்டினான்.

"நீங்க போட்ட கோட்டுல தப்பில்ல. ஆனா அந்தக் கோடு பூரா நான் நின்னுக்கிட்டேதான் போகணும்."

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நெடுங்கண்மாயில் கிடைத்தது ஓட்டு வீடு. தண்ணீர் உப்பு. எதிரே ரேஷன் கடைச் சுவரோரம் பஸ் நிற்கும்.

சாமான்களை இறக்கியபின் திருமேனி காலி பஸ்ஸில் ஏறினான். ஒவ்வொரு சீட்டாக உட்கார்ந்து பார்த்தான். சக்கரத்துக்கு மேலே உள்ளதை ஒதுக்கினான். பின்பக்கத்தை ஒதுக்கினான். இடதுபுறம் நாலாவதைத் தட்டிக் காட்டிவிட்டு லாரிக்குக் கிளம்பினான்.

மறுநாள் காலை அவள் ஏறினாள். சீட் எல்லாம் காலி. கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தாள். இத்தனை இடத்தை ஒன்றாக அவள் பார்த்ததில்லை.

மதியம் திரும்பும் நடையில் காற்றுதான் ஏறும். காலையில்தான் ஆலங்கோட்டை விலக்கில் கூட்டம் நெருக்கும். அப்போது யாராவது ஒருவர் அவள் சீட்டோரம் முதுகைக் கொடுத்து நிற்பார், ஜனம் அவள்மேல் சாயாதபடி. ஒருநாள் சிவப்புச் சட்டை. ஒருநாள் பள்ளிக்கூடத்து டீச்சர் புடவை. முகம் தெரியாது. அவள் மனசுக்குள் ஒவ்வொரு முதுகுக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள்.

டிரைவர்கள் முறை மாறி வந்தார்கள். யார் வந்தாலும் வேகத்தடையில் வண்டி பூப்போல ஏறி இறங்கியது.

நாலாம் மாதம் கடந்தது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு காலை. நாலாவது சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

சின்னதாக ஒரு குலுக்கல்.

சட்டென்று முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பள்ளம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

ரேஷன் கடைச் சுவர். அடிபம்பில் டிரைவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

பஸ் இன்னும் கிளம்பவே இல்லை.