ஆடாத கோடு

ஊருக்கு அடியில் ஓடும் துகள் முடுக்கி இயந்திரத்தின் உறைகுளிர்க் குழாய்களில் சிறு அதிர்வு பட்டாலும், அதைக் கண்காணிக்கும் தமயந்தியின் திரையில் கோடு ஆடிவிடும். அதற்காகவே ஊர் மொத்தமும் பூனைநடை பழகியிருந்தது. தன் வீட்டால் அந்தக் கோடு ஒருநாளும் ஆடியதில்லை என்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

பராமரிப்புக்காக முடுக்கியை நிறுத்திய அன்று, மகளைத் தெருவுக்கு அழைத்துவந்தாள்.

"இன்னைக்கு எவ்வளவு வேணும்னாலும் குதிக்கலாம்டி, யாழினி."

யாழினி குதிகாலை மட்டும் தூக்கி, மெல்ல வைத்தாள். "உன் கோடு ஆடிடுமேம்மா?"

"இன்னைக்குக் கோடே கிடையாது. இங்க பாரு!"

தமயந்தி எம்பிக் குதித்தாள். தொம்மென்று சத்தம் எழுந்தது.

யாழினிக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்போதும் அவள் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள். அம்மா குதித்த இடத்தில் உட்கார்ந்து, தரையைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தூங்கு."